மாற்று இயந்திரம் கிடங்கில், வாக்காளர் வெயிலில்!

திருவனந்தபுரம்: 2024 ஏப்ரல் 26 அன்று கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது. கடும் வெயிலில் மக்கள் மணிக்கணக்கில் காத்து நின்றனர். வரிசையில் நின்ற முதியோர் மயங்கி விழுந்து உயிரிழந்த செய்திகளும் வந்தன. மாலை 6 மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவு பல சாவடிகளில் இரவிலும் தொடர்ந்தது. வடகரையில் நள்ளிரவை நெருங்கியது. 2019இல் 77 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு சுமார் 71 விழுக்காடாகச் சரிந்தது. சரிவுக்குக் காரணங்கள் பல. தாமதமும் அவற்றுள் ஒன்று என்பதை மறைக்க முடியாது.

கணக்கு எளியது. காலை 7 முதல் மாலை 6 வரை 11 மணி நேரம். ஒரு சாவடியில் 1,500 வாக்காளர்கள் வரை அப்போது அனுமதி. அனைவரும் வந்தால் ஒருவருக்கு 26 நொடி. அதில் 7 நொடி விவிபேட் சீட்டைப் பார்ப்பதற்கே. இயந்திரம் ஒரு மணி நேரம் முடங்கினால் 130க்கும் மேற்பட்டோரின் நேரம் பறிபோகிறது. 2025இல் உச்சவரம்பை 1,200 ஆக ஆணையம் குறைத்ததே இந்நெருக்கடிக்கு ஒப்புதல் வாக்குமூலம்.

“மாற்று இயந்திரங்கள் கையிருப்பில் உள்ளன” என்கிறது ஆணையம். இருக்கலாம். ஆனால் அவை எங்கே உள்ளன, எத்தனை நிமிடத்தில் சாவடியை அடைகின்றன என்பதே கேள்வி. கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் முழுத் தொகுப்பையும் மாற்றி, மீண்டும் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவருக்குச் சட்டம் சீட்டு தருகிறது. நண்பகலிலேயே கூலி வேலைக்கும் கடலுக்கும் திரும்பிப் போனவருக்கு எதைத் தருகிறது? காரில் வருபவர் மாலையில் மறுபடி வருவார். சாலைச் சந்தையின் சுமைத் தொழிலாளி வர இயலாது. தாமதம் வர்க்கம் பார்த்தே தாக்குகிறது.

தன் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டதைக் கண்டவருக்கு 49பி விதி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டை வழங்குகிறது. சாவடிக்கு வழக்கமாக 20 சீட்டுகளே. அவையும் வழக்கமான எண்ணிக்கையில் சேர்வதில்லை.

இயந்திரத்தில் மாயவித்தை என்று கூச்சலிடுவது நம் வேலையன்று. ஆயினும் வரலாற்றை மறக்கலாகாது. நாட்டில் முதன்முதலாக 1982இல் பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 சாவடிகளில் மின்னணு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்சநீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. வெற்றி காங்கிரசுக்குப் போயிற்று. நமக்குக் கசந்த தீர்ப்புதான். ஆனால் முன்னேற்பாடற்ற அவசரத்தின் விலையை மக்களே கொடுக்கிறார்கள் என்ற பாடம் அதில் உண்டு.

நம் கோரிக்கைகள்: அரை மணி நேரத்தில் சாவடியை அடையும் தொலைவில் மாற்றுத் தொகுப்புகள், விவிபேட் தாள் சுருள்கள், மின்கலங்கள் இருக்க வேண்டும். கையிருப்புப் பட்டியல் முன்கூட்டியே கட்சிகளுக்குத் தரப்பட வேண்டும். பழுதால் இழந்த நேரம் கூடுதல் நேரமாக ஈடுசெய்யப்பட வேண்டும். நிழலும் குடிநீரும் எல்லாச் சாவடிகளிலும் கட்டாயம்.

தோழர்களே! கோரிக்கை மனுவோடு நம் கடமை முடிவதில்லை. நம் முகவர்கள் மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்பே சாவடியில் இருக்க வேண்டும்; இயந்திரம் நின்ற நேரத்தையும் மீண்ட நேரத்தையும் குறித்து, எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். திரும்பிச் சென்றவரை வீடு தேடி அழைத்து வர வேண்டும். உழைப்பவரின் ஒரு வாக்கும் வரிசையில் கருகக் கூடாது!