எண் குறைந்தால் மனம் மெலிந்ததா?

சீனக் கல்லூரி மாணவர்கள் மீள்திறன் அளவுகோலில் அமெரிக்கர்களைவிடக் குறைவாகப் பெறுகிறார்களாம். ஆகவே மனவலிமை குன்றியவர்களாம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. முதலில் கோலைப் பாருங்கள். கானர்–டேவிட்சன் அளவுகோல் 2003இல் அமெரிக்காவில் வெளியானது. 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 100. அங்கே அது ஐந்து கூறுகளாகப் பிரிந்தது. 2007இல் யூ சியாவ்நானும் ஜாங் ஜியான்சினும் சீனர்களிடம் சோதித்தபோது அந்த ஐந்தும் நிற்கவில்லை; விடாமுயற்சி, வலிமை, நன்னம்பிக்கை என மூன்றே தேறின. உள்ளமைப்பே வேறாக இருக்க, மொத்த எண்களை மட்டும் அருகருகே வைப்பது என்ன நியாயம்?

விதியோ கடவுளோ சில நேரம் துணைவரும் என்ற கூற்றும் அந்த அளவுகோலில் உண்டு. கடவுள் பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்த மாணவி அதற்கு 0 போட்டால், அது தளர்ச்சியா? காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் தூக்கத்தைத் துறந்து படித்தவள் அவள். தன்னைத் தானே மெச்சக் கூசுபவர் 4 போடவும் தயங்குவார்.

இது வெறும் ஆய்வுச் சண்டை அல்ல. சீனப் பல்கலைக்கழகங்கள் புதிதாகச் சேருவோரிடம் மனநலக் கேள்வித்தாள் கொடுக்கின்றன. பொருந்தாத கோல் அங்கே நுழைந்தால், திடமானவள்மீது முத்திரை விழும். உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பவன் கண்ணில் படாமலே போவான்.