மீட்டர் இல்லாமல் ஹெட்போனை மாட்டாதே!

காதில் மாட்டும் ஹெட்போனுக்கு ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதற்கு ஆம்ப்ளிபயர் என்று பெயர். அதை வீட்டிலேயே செய்து பார்க்க இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான்!

சூ மோய் என்பவர் வகுத்துக் கொடுத்த அமைப்பு இதற்குப் பெயர் பெற்றது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, எட்டுக் கால் உள்ள "சிப்" ஒன்று, சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள். எல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். வீட்டு மின்சாரத்தைத் தொடவேண்டியதில்லை. ஆகவே, முதல்முறை செய்கிறவர்களுக்கு இதுவே ஏற்றது.

எது வேண்டும்?

கருவி வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். நாற்பது சாமான் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறார்கள். அதில் பாதி துருப்பிடிக்கத்தான் உதவும்.

கூர்முனை உள்ள 25 வாட் சால்டரிங் அயர்ன், அதை வைக்க ஒரு ஸ்டாண்டு, சிறிய கட்டர், மூக்கு பிளையர், ஈயம் உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர். இவை போதும். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும்.

ஈயக் கம்பி, ரோசின் உள்ளதாக இருக்கவேண்டும். குழாய் ஒட்டுகிறவர்களின் ஆசிட் பசை கூடவே கூடாது. அது செம்பை அரித்துவிடும்.

எதை விடக்கூடாது?

"மீட்டர் எதற்கு? ஹெட்போனை மாட்டினால் தெரிந்துவிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தெரியும், ஹெட்போன் போன பிறகு தெரியும்!

ஒரு கம்பி மாறிப்போனால், பேட்டரியின் மின்சாரம் நேராக ஹெட்போனுக்குள் பாயும். உள்ளே இருப்பது மயிரிழை போன்ற கம்பிச்சுருள். அது சூடேறிக் கருகிவிடும். திடீரென்று எழும் பெருஞ்சத்தம் செவியையும் கெடுக்கும். கருகிய ஹெட்போனுக்குப் பதில் வேறு வாங்கலாம். கெட்ட செவிக்குப் பதில் வேறு செவி எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆகவே, ஹெட்போனை மாட்டுவதற்கு முன் ஜாக்கின் பொது முனைக்கும் இடது, வலது முனைகளுக்கும் இடையே டி.சி. வோல்ட்டை அளக்கவேண்டும். சில மில்லிவோல்ட் இருந்தால் பயமில்லை. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், உடனே பேட்டரியைக் கழற்றித் தவறைத் தேடவேண்டும். மீட்டர் சரி என்று சொன்ன பிறகும், முதலில் பழைய ஹெட்போனை மாட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பெற்றோர் கவனத்துக்கு

ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு. சாப்பிடும் இடத்தில் இந்த வேலை ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும். ரோசின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். நறுக்கும் கம்பித்துண்டு கண்ணில் தெறிக்கும், கண்ணாடி அணியட்டும்.

இவ்வளவும் செய்து பணம் மிச்சமாகுமா? முதல்முறை ஆகாது. கடையில் வாங்குவதைவிடச் செலவு கூடவும் செய்யலாம். ஆனால், கருவிகள் வீட்டில் தங்கும். அறுந்த ஹெட்போன் கம்பியையும், பழுதான டார்ச் லைட்டையும் நாளைக்கு அந்தப் பிள்ளையே சரிசெய்வான், சரிசெய்வாள்.

கருவி கேட்கும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால், முதலில் மல்டிமீட்டரை வாங்கிக் கொடுக்கட்டும்!