கல்லறைப் புல்லும் காய்ச்சலும்

நவம்பர் 2-ஆம் நாளுக்கு முன்பாகக் கல்லறைத் தோட்டத்தில் மண்டிய புல்பூண்டுகளைக் களைந்து, சுண்ணாம்பு பூசுவது நம் குடும்பங்களின் வழக்கம். மழைக்குப்பின் புதர் தழைக்கும் இக்காலத்தில்தான் வேலூர்ப் பகுதியில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலும் மிகுகின்றது. உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வர். ஆனால் நாய், மாடுகளின் மேல் நாம் காணும் உண்ணியன்று இது. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு சிற்றுயிரின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்தது தெரியாது. ஓரிரு வாரம் சென்றபின் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். மழைக்காய்ச்சல்தானே என்று நாம் கஷாயம் வைத்துக் காத்திருக்கிறோம்.

அந்தக் காத்திருப்பில் நுரையீரலுக்கு நேர்வதைச் சற்று விளக்குவோம். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. மயிரிழையினும் மெல்லிய சுவரைக் கடந்தே ஆக்சிஜன் இரத்தத்தைச் சேர்கிறது. இந்நோயின் கிருமியோ குழாய்களின் உட்சுவரையே தாக்குகிறது. சுவர் பழுதுபட்டதும், இரத்தத்தின் நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். நனைந்த பஞ்சுபோல் நுரையீரல் கனத்து, விரிய மறுக்கும். நோயாளி விரைந்து விரைந்து மூச்சு விடுவார். மூச்சின் பயன் இரத்தத்தை அடையாது. (ஊசி குத்தி எடுப்பது நுரையீரலுக்கு வெளியே உறையில் தேங்கும் நீர், இதை அவ்வாறு எடுக்க இயலாது.) அந்நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியே துணை.

பாகாயத்தில் கல்லூரி வளாகத்தைக் கொண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேருக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இரத்தநாளம் வழியே செலுத்திப் பார்த்தனர். சேர்த்துக் கொடுத்தபோது நுரையீரல் முதலிய உறுப்புகளின் கோளாறு விரைவில் தணிந்தது. ஆயினும் இறந்தோர் விகிதம் குறையவில்லை. நம் உள்ளத்தில் தைப்பது இச்செய்தியே. முற்றியபின் சிறந்த மருந்தும் திணறுகிறது. தொடக்கத்திலோ விலை மலிந்த டாக்சிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும்.

பூச்சி கடித்த இடத்தில் பலருக்குச் சுருட்டு சுட்டதுபோன்ற கரும்பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் என மறைவிடங்களிலேயே அது பெரும்பாலும் காணப்படும். கூச்சத்தால் நம் தாய்மார் அதைக் காட்டுவதில்லை. மருத்துவர் கேளாவிடினும் காட்டுங்கள்; கல்லறைத் தோட்டத்தில் புல் அறுத்ததையும் சொல்லுங்கள்.