கள்ளனுக்குப் போட்ட வலையில் சிக்கியது ஓ.டி.பி.!

தஞ்சாவூர் பக்கம் அறுவடை முடிந்து நெல்லைப் போட்ட விவசாயி, செல்போனில் "டிங்" என்று சத்தம் கேட்டால் ஓடிப்போய் எடுத்துப் பார்க்கிறார். நெல் பணம் பாங்கியில் ஏறிவிட்டதோ என்ற ஆசைதான்!

பார்த்தால், 5 லட்சம் ரூபாய் கடன் தயாராம். அனுப்பியது முன்பின் தெரியாத ஆசாமி!

இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் "டிராய்" எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ம் ஆண்டில் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த வலையில் முதலில் சிக்கியது கள்ளன் அல்ல!

2 பட்டியல்

வேண்டாதவனை வாசலில் நிறுத்த 2 வழி உண்டு. ஒன்று, கறுப்புப் பட்டியல். அதில் பெயர் உள்ளவன் வரக்கூடாது, மற்றவர்கள் வரலாம். இன்னொன்று, வெள்ளைப் பட்டியல். அதில் பெயர் உள்ளவர் மட்டும் வரலாம். மற்றவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் வந்த வழியே போகவேண்டியதுதான்!

குப்பை இ-மெயில்களைத் தடுக்க அமெரிக்காவில் பால் விக்சி என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1997-லேயே கறுப்புப் பட்டியல் போட்டார். டிராய் பிடித்துக்கொண்டது வெள்ளைப் பட்டியலை.

அதன்படி பாங்கியோ, ஜவுளிக்கடையோ, முதலில் தன் பெயரைப் பதியவேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். மாதிரிக்கு ஒத்துவராத எஸ்.எம்.எஸ். பாதியிலேயே மடக்கப்படும்.

மார்ச் 8

2021-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி இந்தச் சல்லடையை மாட்டினார்கள். அவ்வளவுதான். நாடு முழுவதும் ஒரே அமளி! பணம் அனுப்ப ஓ.டி.பி. வரவில்லை. ஆதார் சரிபார்க்க ஓ.டி.பி. வரவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பெயர் பதியவும் ஓ.டி.பி. வராமல் பெரியவர்கள் திண்டாடினார்கள்.

மறுநாளே டிராய், சல்லடையை 7 நாளைக்குக் கழற்றிவைத்தது. அந்த மாதக் கடைசியில், விதிப்படி நடக்காத 40 நிறுவனங்களின் பெயரை வெளியிட்டது. ஸ்டேட் பாங்க், எச்.டி.எப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. எல்லாம் அதில் இருந்தன!

மாதிரி வாசகத்தைச் சரியாகப் பதியாதது பெரிய பாங்கிகள். போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது யார்? கணக்கு வைத்திருந்த அப்பாவி!

மதகில் வெங்காயத்தாமரை அடைக்காமல் இருக்கக் கம்பி வலை போடுவது சரிதான். வலையே அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் கதி என்ன? அதை யார் போய்ப் பார்ப்பது?

சொல்லிவிட்டாவது தடுக்கலாமே!

இ-மெயிலில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பட்டியலில் சிக்கிய மெயிலைத் தடுக்கும் கம்ப்யூட்டர், இன்ன காரணத்துக்காகத் தடுத்தேன் என்று அனுப்பியவருக்குப் பதில் போடும். அவர் டெலிபோனில் கூப்பிட்டாவது சமாசாரத்தைச் சொல்லிவிடுவார். எஸ்.எம்.எஸ். அனுப்புவது பாங்கியின் மெஷின். அது யாரைக் கூப்பிடும்? உங்களுக்கு வந்த தகவல் தடுக்கப்பட்டது என்று, காத்திருப்பவருக்கு ஒரு வரி சொல்ல ஏற்பாடு செய்தால் என்ன?

கள்ளனோ கெட்டிக்காரன். வாசலில் காவல் என்றதும் கொல்லைப்புறமாக வந்துவிட்டான்! பி.எம். கிசான் பணம் என்று சொல்லிப் போலி ஆப்பை வாட்ஸ்-அப்பில் அனுப்புகிறான். டிராயின் பட்டியல் அங்கே எட்டாது. அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யவேண்டும்.

1909-ல் தொல்லை வேண்டாம் என்று பதிந்துவிட்டால் பாங்கி தகவலும் நின்றுபோகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நிற்காது. நிற்பது விளம்பரம் மட்டும்தான். வந்த தொல்லை பற்றி 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். முன்பு 3 நாள்தான் அவகாசம். 2025-ல்தான் அதை நீட்டினார்கள்.

சாக்பீஸ்

டெல்டாவில் இது விளையாட்டுச் சமாசாரம் அல்ல. கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்தவருக்குத் தகவல் வருவதும் செல்போனில்தான். அது வராவிட்டால் நெல் களத்திலேயே கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்புறம் அதை வாங்க மாட்டார்கள்!

எஸ்.எம்.எஸ். போகட்டும். அதோடு, இன்ன தேதிக்கு இன்ன பதிவு எண் என்று நிலையத்து வாசல் போர்டில் சாக்பீசால் எழுதிவைக்கவேண்டும். அதற்கு எந்த டிராய் அனுமதியும் தேவையில்லை.