வாய்மொழி இலக்கியக் களப்பணியில் ஒலி இடைமுகக் கருவி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து ஒரு கருத்துரை

நாட்டார் வழக்காற்றாய்வில் ஒரு பாடலின் மூலபாடம் எது? பாடியவரின் குரலா, ஆய்வாளர் எழுதிக்கொண்ட சொற்களா? தமிழ்த்துறைகளின் நடைமுறை பெரும்பாலும் பின்னதையே மூலமாகக் கொண்டு வந்துள்ளது. குரலே மூலம், எழுத்து அதன் படி. அம்மூலத்தைச் சிதைவின்றிப் பதியும் கருவி இன்று ஆய்வு மாணவரின் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது. எனவே ஒலிக்கோப்பையும் ஆய்வேட்டின் ஒரு பகுதியாகவே ஏற்க வேண்டும் என்பது இக்கருத்துரையின் நிலைப்பாடு.

பெர்சி மக்வீன் திரட்டிக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) ஆகிய தொகுப்புகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. அவற்றில் சொல் எஞ்சியது. பாடியவர்களின் குரல் நமக்குக் கிட்டவில்லை. ஒலிப்பதிவுக் கருவி எளிதில் வாய்க்காத காலத்தில் அது தவிர்க்க இயலாதது. இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதால் அக்குறை நீங்கிவிட்டதாக எண்ணுகிறோம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒப்பாரி பாடுவதில் தேர்ந்த மூதாட்டி ஒருவரின் பாடல்களை இக்கட்டுரையாளர் கைப்பேசியில் பதிவு செய்தார். சாவு நேராத வீட்டில் ஒப்பாரி வைக்கலாகாது என்று அவர் கூறியதால், ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் அப்பதிவு நிகழ்ந்தது. பின்னர் அதைக் கேட்டு எழுத முற்பட்டபோது சொற்கள் தெளிவாகவே இருந்தன. ஆனால், அடியிறுதியில் நீட்டம் எங்கே முடிகிறது, விம்மல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலவில்லை. மீண்டும் பதியச் சென்றபோது அவர் மறைந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

இப்பிழை கைப்பேசியின் இயல்பிலிருந்து பிறந்தது. கைப்பேசி உரையாடலுக்கென அமைந்த கருவி. அதன் பதிவுச் செயலிகள் பல, தாழ்ந்த ஒலியைத் தாமே உயர்த்துகின்றன; உயர்ந்த ஒலியைத் தாழ்த்துகின்றன; இரைச்சல் எனத் தாம் கருதுவதை நீக்குகின்றன; கோப்பின் அளவைக் குறைக்க ஒலியின் ஒரு பகுதியைக் களைகின்றன. ஆகவே மூச்சும் விம்மலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒலிக்கின்றன. ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே கருவி ஒரு பாடத்திருத்தம் செய்துவிடுகிறது. அத்திருத்தத்துக்கு அடிக்குறிப்பும் இல்லை.

எழுத்தின் அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்தது தொல்காப்பியம். அளபெடைக்கு இலக்கணம் கண்ட மரபு நம்முடையது. ஒப்பாரியின் அடியிறுதி நீட்டத்தை மாத்திரை கொண்டு ஆராய விரும்பும் ஒருவருக்கு மேற்கண்ட பதிவு சான்றாகாது.

இக்குறைக்குத் தீர்வாக அமைவது ஒலி இடைமுகக் கருவி. ஒலிவாங்கிக்கும் கணினிக்கும் இடையே நின்று, ஒலி அலையை எண்வடிவாக்கி யுஎஸ்பி வடம் வழியே அனுப்பும் சிறு பெட்டி இது, தோள்பையில் அடங்கும். ஃபோகஸ்ரைட், பெரிங்கர், ஸ்டெயின்பெர்க் முதலிய நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கின்றன. ஒலியின் ஏற்ற அளவைப் பதிபவரே திருகியால் அமைக்கலாம். அமைத்தபின் அது தானாக மாறுவதில்லை. சிறிய வகைகள் பல மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறுவதால் மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் இயங்கும். பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதை இவற்றுள் பெரும்பாலானவை எட்டுகின்றன. கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் சேமித்தல் வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்துக் கூத்து மரபுக்கு இக்கருவி மேலும் பொருந்தும். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல், தம் நூலின் முதல் தொகுதியில் (1988) செஞ்சியையும் அதனை அடுத்த மேலச்சேரியையும் மையமாகக் கொண்டார். அத்தகு சிறப்புடைய இவ்வட்டாரத்தின் தெருக்கூத்தில், கூத்தர் பாட்டும் பின்பாட்டும் முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றோடு கலந்தே ஒலிக்கின்றன. ஒற்றை ஒலிவாங்கியில் முகவீணை சொல்லை விழுங்கிவிடுகிறது. இரு உள்ளீடு கொண்ட இடைமுகத்தில் கூத்தருக்கு ஒன்றும் பக்க இசைக்கு ஒன்றுமாக ஒலிவாங்கிகளை வைத்தால், இரண்டும் தனித்தனித் தடங்களில் பதியும். ஒன்றன் ஒலி மற்றொன்றில் ஓரளவு கலப்பினும், சொல்லையும் இசையையும் ஒப்பிட்டு ஆராய வழி பிறக்கும்.

கருவியைக் கண்டு தகவலாளர் கூச்சமுறுவர் என்பர். அக்கூச்சம் உண்மையே. ஆனால் அது முதல் நாளுக்கு உரியது. பழகிய ஆய்வாளர் முன் அது தணியும். செலவு மிகும் என்பர். எளிய இடைமுகம் ஒன்றின் விலை நடுத்தரக் கைப்பேசியின் விலையை விடக் குறைவு. துறைக்கு ஒன்று இருப்பின் ஆய்வாளர் பலர் முறைவைத்துப் பயன்படுத்தலாம். காற்றும் பறவையொலியும் மிகுந்த வெளியிடத்துக்கு, 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டாத டைனமிக் வகை ஒலிவாங்கியே பெரும்பாலும் போதும்.

கருவி மட்டும் தீர்வாகாது. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைக்குப் பின் ஆய்வேடுகளின் மின்படிகள் ஷோத்கங்காவில் சேர்கின்றன. களத்தில் பதிந்த குரலோ பெரும்பாலும் ஆய்வாளரின் நினைவகத்தோடு அழிகிறது. பின்னிணைப்பில் பாடலை அச்சிடும் ஆய்வேடு ஒவ்வொன்றும் அதன் ஒலிக்கோப்பையும் துறையில் ஒப்படைத்தல் வேண்டும். பதிந்த கருவி, நாள், இடம், பாடியவரின் இசைவு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பாடியவர் குடும்பத்துக்கு ஒரு படி வழங்குதல் வேண்டும்.

அம்மூதாட்டியின் மகள், தாயின் குரலைக் கேட்க வேண்டும் என்று இக்கட்டுரையாளரிடம் கேட்டார். கொடுக்க இயன்றது அந்தக் கைப்பேசிப் பதிவு மட்டுமே. அதைக் கேட்டு முடித்தபின் அவர், ‘அம்மா இழுத்து நிறுத்தும் இடம் இதில் இல்லையே’ என்றார். அடுத்து நாம் செல்லும் ஊரிலேனும் அவ்விடம் பதிவில் இருத்தல் வேண்டும்.