எத்தனை மைக்குன்னு கேக்காதீங்க, எவ்ளோ தூரம்னு கேளுங்க

மக்களே, இந்த "எட்டு மைக் இருக்கு, இரைச்சலே வராது" வியாபாரத்தைக் கொஞ்சம் திட்டணும். பொறுத்துக்கோங்க :-)

ஒரே குரல் ரெண்டு மைக்குக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேராது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுது, 2 செ.மீ. இடைவெளின்னா அதிகபட்சம் 58 மைக்ரோநொடி வித்தியாசம். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிக் கூட்டினால் பேசுறவர் குரல் வலுக்கும், தாறுமாறான இரைச்சல் அந்த அளவுக்குச் சேராது. அழகான கணக்குதான், மறுக்கலை. அறையோட அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாலும் கேக்கணும்னா வேற வழியும் இல்லை. 2014ல வந்த அமேசான் எக்கோவுல 7 மைக் வெச்சது நியாயம்.

ஆனா ஆதாயம்? மைக்கை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல். அதுவும் ஒவ்வொரு மைக்கிலயும் விழுற இரைச்சல் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருந்தால்தான். 100 ஹெர்ட்ஸ் உறுமலோட அலைநீளமே 3.4 மீட்டர். உள்ளங்கை அகலப் பெட்டியில இருக்கிற எட்டு மைக்கும் ஏறக்குறைய ஒரே உறுமலைத்தான் கேக்கும். கூட்டினா அதுவும் சேர்ந்தே வளரும்!

மைக்கை வாயிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைக்காம அரை மீட்டர்ல வைங்க. நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். கால் மீட்டர்னா 12. கூட்டல் கணக்குல அந்த 12 வேணும்னா பதினாறு மைக் வாங்கணும் சாமி.

"அடாப்டிவ் முறை இருக்கே"ன்னு கையைத் தூக்கப்போற பொறியாளர் அண்ணாச்சிகளுக்கு: தெரியும். நிலநடுக்க அதிர்வுமானி வரிசைக்காகக் கேப்பன் 1969லயே எழுதிட்டார். ஒரு மூலையில டிவி கத்தினா அந்தத் திசையை மட்டும் அமுக்கலாம். கல்யாண மண்டபத்துல எந்தத் திசையை அமுக்குவீங்க?

மண்டபம்னு சொல்லக் காரணம் இருக்கு. பெரியம்மாவுக்குக் காது மெஷின். "ரெண்டு மைக் மாடல், கூட்டத்துலயும் தெளிவா கேக்கும்"னு சொல்லி வித்தாங்க. அந்த ரெண்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். எதிர்ல, கிட்ட உக்காந்து பேசினா உதவும், உண்மை. பந்தியில யாருங்க எதிர்ல உக்காருறாங்க? பெரியம்மா சும்மா சிரிச்சுத் தலையாட்டிட்டு வந்துடறாங்க. பேசுறவர் சட்டையில மாட்டுற தனி மைக் ஒண்ணு அந்த மெஷினோட சேருமாம். கடையில ஒருத்தரும் வாயே திறக்கலை. விலைப்பட்டியலோட கடைசிப் பக்கத்துல நாங்களாத்தான் பாத்தோம்.