வயலைக் கொடுத்தீங்க, சருகுக்காடு எங்கே?

பூட்டானில் நிலம் அளக்கும் கதை என்றாலே மன்னர் தரும் 'கிடு' கொடையைத்தான் பேசுகிறார்கள். நிலமில்லாத குடும்பத்துக்கு நிலம். மறு அளவையில் ஏட்டைவிடக் கூடுதலாக வந்த நிலத்தையும் பல மாவட்டங்களில் உழுதவருக்கே விட்டுக்கொடுத்தார். நல்ல காரியம்தான், யார் இல்லைன்னா?

ஆனா இயற்கை விவசாயி கேட்க வேண்டிய கேள்வி வேற. அங்கே 'சோக்சிங்' என்று ஒன்று உண்டு. சருகு அள்ளுவதற்கென்றே வைத்திருந்த காடு, பெரும்பாலும் ஓக் மரங்கள். சருகைக் கூட்டிவந்து மாட்டுக்கொட்டிலில் பரப்புவார்கள். சாணமும் மூத்திரமும் ஊறி, மட்கி, தொழுஉரமாக வயலுக்குப் போகும். மூட்டை உரம் இல்லாமல் மலைச்சரிவில் நெல்லும் மக்காச்சோளமும் விளைஞ்சது இப்படித்தாங்க.

இந்தச் சருகு உரிமை, நம்ம பட்டா போன்ற 'திராம்' ஏட்டில் குடும்பத்தின் பேரில் பதிவாகியிருந்தது. 2007 நிலச் சட்டம் அதை ஏட்டிலிருந்து நீக்கச் சொன்னது. காடு அரசு நிலமாம். 'சாம்துரோ' எனும் மேய்ச்சல் உரிமைக்கும் அதே கதி. அதுக்காவது குத்தகை வழி வெச்சாங்க.

சில குடும்பங்களிடம் காடு இருந்தது, பலரிடம் இல்லை என்பார்கள். சரி, நியாயம்தான். அப்போ ஊருக்குப் பொதுவாகக் கொடுக்கலாமே? சமூகக் காடுகளுக்கு 1995 வனச் சட்டத்திலேயே இடமிருந்தது. பேர் இல்லாத காட்டில் கன்றை யார் காப்பாத்துவா? ஒருபக்கம் நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறணும்னு பேச்சு, மறுபக்கம் எருவுக்கான உரிமையே ஏட்டில் இல்லை. கிடுவில் வயல் அளந்து கொடுக்கும்போதே, அந்த ஊருக்கான சருகுக்காட்டையும் அளந்து ஏட்டில் ஏத்துங்க.